மட்டுறுத்துநரை அமர்த்துவதும் இறக்குவதும்: இணையக் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கிறவர்களின் இணையக் குழு ஒன்றை நாங்கள் ஐந்து பேர் நடத்தி வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்களில் ஒருவர் தன்னோடு வாக்குவாதம் செய்த உறுப்பினரின் மூன்று வருடப் பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டார். கிழிந்த ஷட்டர் திரையை மாற்றுவது எப்படி என்று அந்த உறுப்பினர் படம் படமாகப் போட்டிருந்த தொடரும் அதோடு போய்விட்டது. மீதி நான்கு பேரும் தனி அரட்டையில் கூடினோம். இவரை நீக்கலாமா, யார் நீக்குவது, அதற்கு முன் அவரிடம் பேச வேண்டாமா, உறுப்பினர்களிடம் என்ன சொல்வது? எந்தக் கேள்விக்கும் எங்களிடம் எழுதி வைத்த பதில் இல்லை. இரவு 11:40-க்கு எங்களில் ஒருவர் பொத்தானை அழுத்தினார். காலையில் எழுந்து பார்த்தால் குழு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

உண்மையான தவறு அந்த இரவுக்கு நான்கு வருடம் முன்பே நடந்துவிட்டது. "இன்று முதல் இவரும் அட்மின்" என்று ஒற்றை வரி போட்டு அவரை அமர்த்தினோம். எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த அதிகாரத்தோடு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக என்று எதுவுமே பேசாமல் சாவியைக் கையில் கொடுத்தோம். அதற்குப் பிறகு வேறு குழுக்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடித் தேடிப் படித்தேன், எங்கள் குழுவின் விதிகளையும் அடியிலிருந்து திருப்பி எழுதினோம். இறக்கும் வழியை முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஆளைத் தேடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை ஒட்டியதுதான்.

மட்டுறுத்துநர், மாடரேட்டர், அட்மின், நிர்வாகி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். நான் சொல்வது, சம்பளம் வாங்காமல், சொந்த நேரத்தைச் செலவழித்து, மற்றவர்கள் எழுதியதை நீக்கவும் மற்றவர்களை வெளியேற்றவும் அதிகாரம் பெற்றிருக்கும் உறுப்பினரை.

படி 1: சாவி யாரிடம் இருக்கிறது?

விதி எழுத உட்காரும் முன், நீங்கள் இருக்கும் தளம் என்ன அனுமதிக்கிறது என்று பாருங்கள். உங்கள் விதி ஒன்று சொல்லி மென்பொருள் இன்னொன்று சொன்னால், மென்பொருள் சொன்னதுதான் நடக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்மின் இன்னோர் அட்மினின் அதிகாரத்தை எடுத்துவிடலாம். ஆனால் குழுவைத் தொடங்கியவரின் அதிகாரத்தை எடுக்க முடியாது, அவராக வெளியேறினால்தான் உண்டு. டெலிகிராமில் உரிமையாளர் ஒருவர்தான். அவர் ஒவ்வோர் அட்மினுக்கும் தனித்தனியாக அதிகாரங்களைப் பிரித்துக் கொடுக்கலாம், வேண்டுமானால் உரிமையையே இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். டிஸ்கார்டில் பொறுப்புகள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கும், தனக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பவர்மேல் யாரும் கை வைக்க முடியாது. ரெடிட்டில் மட்டுறுத்துநர் பட்டியலே ஓர் ஏணி. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நீக்கலாம், கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் தொட முடியாது. தினமும் வேலை பார்ப்பவரை, பக்கத்தைத் திறந்து வைத்ததோடு காணாமல் போனவர் ஒரு நாள் திரும்பி வந்து அனுப்பிவிடும் நிலை அங்கே பல காலம் இருந்தது. அதனால்தான் செயல்படாத மேல்நிலை மட்டுறுத்துநரை இறக்கச் சொல்லி நிறுவனத்திடமே கேட்கும் வழியும் வந்தது.

ஆக, எல்லா இடத்திலும் உச்சியில் ஒருவர் இருக்கிறார், அவரை உள்ளிருந்து யாரும் அசைக்க முடியாது. இந்த உண்மையை மறந்துவிட்டு ஜனநாயகம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் லாம்டாமூ. பாவெல் கர்ட்டிஸ் என்பவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் தொடங்கிய, முழுக்க எழுத்தால் ஆன ஓர் உலகம் அது. நிர்வாகிகளுக்கு அங்கே 'மந்திரவாதிகள்' என்று பெயர். 1992 டிசம்பரில், இனி நாங்கள் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம், சமூக முடிவுகளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்து அவர்கள் ஒதுங்கினார்கள். அடுத்த வருடம் ஒரு பயனர் மற்றவர்களின் பாத்திரங்களை வைத்து அருவருப்பான பாலியல் வன்முறையை எழுதினார். என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கூடிக் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தன் பொறுப்பில் அந்தக் கணக்கை நீக்கினார். பிறகு மனு கொடுப்பது, வாக்கெடுப்பு நடத்துவது என்று முறைகள் வந்தன. ஆனாலும் 1996-ல், முற்றிலும் ஒதுங்கி இருப்பது நடக்கிற காரியமாக இல்லை என்று சொல்லி மந்திரவாதிகள் முடிவெடுக்கும் இடத்துக்கே திரும்பி வந்தார்கள்.

அதனால் குழுவைத் தொடங்கியவரிடம் முதல் நாளே எழுத்தில் ஒரு வாக்குறுதி வாங்குங்கள். எந்தெந்த விஷயத்தில் தலையிடுவார், எதில் தலையிட மாட்டார், மூன்று மாதம் அவரை எட்ட முடியாவிட்டால் உரிமை யாருக்குப் போகும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அந்தக் குறிப்பு உறுப்பினர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதை மீறினால் அவரைத் தடுக்க முடியாதுதான். ஆனால் மீறுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், அது சின்ன விஷயம் இல்லை.

படி 2: என்ன வேலை, எவ்வளவு அதிகாரம்

"குழுவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதாது. ஸ்பேம் நீக்குவது, புதியவர்களைச் சேர்ப்பது, புகார் வந்த பதிவைப் பார்ப்பது, சண்டையை ஆற்றுவது, தடை விதிப்பது, விதியை மாற்றுவது எல்லாம் வேறு வேறு வேலைகள். முதல் மூன்றைப் புதியவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். நிரந்தரத் தடைக்கு இருவர் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். விதியை மாற்றுவது தனி ஆள் கையில் இருக்கவே கூடாது. இன்னொருவரை அட்மின் ஆக்கும் அதிகாரத்தையும் எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பார்கள். இத்தனை உறுப்பினருக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, புகார்கள் எந்தெந்த நேரத்தில் வருகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் யாரும் தொடாமல் கிடக்கிறது என்று குறித்து வையுங்கள். எந்த நேரத்தில் ஆள் இல்லையோ அந்த நேரத்துக்கு ஆள் தேடுங்கள். ஆனால் மூன்று பேருக்குக் கீழே போக வேண்டாம். ஒருவர்மேல் புகார் வந்தால் விசாரிக்க இருவராவது மிஞ்ச வேண்டும்.

படி 3: இறங்கும் வழியை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நாங்களும் தாண்டித்தான் போனோம்.

ஆங்கில விக்கிப்பீடியாவைப் பாருங்கள். நிர்வாகி ஆவது அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003-ல் எழுதினார். கொஞ்ச காலம் ஒழுங்காகப் பங்களித்தவர் எவரும் ஆகலாம் என்பது அன்றைய எண்ணம். ஆனால் அந்தப் பொறுப்புக்குத் தவணை வைக்கவில்லை. சமூகம் விரும்பினாலும் ஒருவரை நேரடியாக இறக்க முடியாமல் இருந்தது, நடுவர் குழுவிடம் வழக்காகக் கொண்டு போக வேண்டியிருந்தது. ஏற்றிவிட்டால் இறக்க முடியாது என்று தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஏற்றும்போதே சல்லடை போட்டுச் சலிப்பார்கள். ஏழு நாள் பொது விவாதம், வருடக்கணக்கான பழைய திருத்தங்களைத் தோண்டுவது, கேள்விமேல் கேள்வி. 2007-ல் அங்கே 400-க்கும் மேற்பட்டவர்கள் நிர்வாகி ஆனார்கள், 2018-ல் வெறும் 10 பேர். இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இறக்குவது கடினமாக இருந்ததுதான் ஏறுவதை அவ்வளவு கடினமாக்கியது என்று அங்கே இருப்பவர்களே பல வருடம் வாதாடினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2024-ல் இரண்டு பக்கமும் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் ரகசிய வாக்கெடுப்போடு தேர்தல். அக்டோபரில் நடந்த முதல் தேர்தலில் 32 பேர் நின்றார்கள், தேவையான 70 சதவீத ஆதரவை எட்டி 11 பேர் வந்தார்கள். இன்னொரு பக்கம் திரும்ப அழைக்கும் மனு. ஒரு மாதத்துக்குள் 25 பேர் கையெழுத்திட்டால், அந்த நிர்வாகி மறுபடி சமூகத்தின் முன் நின்று ஆதரவு கேட்க வேண்டும். ஜெர்மன் விக்கிப்பீடியா இதை வெகு காலம் முன்பே செய்துவிட்டது. அங்கே ஒரு மாதத்தில் 25 பேர், அல்லது ஆறு மாதத்தில் 50 பேர் கேட்டால் மறுதேர்தல். இந்த இரட்டைக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. திடீரென்று கிளம்பும் கோபத்துக்கு ஒரு கதவு, மெல்ல மெல்லச் சேரும் மனக்குறைக்கு இன்னொரு கதவு.

உங்கள் விதியில் நான்கு வழிகள் இருக்க வேண்டும்.

முதலாவது தவணை. ஒரு வருடம் வையுங்கள். முடிந்த அன்று பொறுப்பு தானாகப் போய்விடும், தொடர விரும்புகிறவர் மறுபடி கேட்டு வர வேண்டும். யாரும் யாரையும் நீக்காமலே ஆள் மாறும் ஒரே வழி இதுதான். சோர்ந்துபோன எத்தனையோ பேர், விட்டுப் போனால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். தவணை அவர்களுக்கும் விடுதலை. எல்லாருடைய தவணையும் ஒரே நாளில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செயலின்மை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 12 மாதம் எதுவும் செய்யாதவர், அல்லது ஐந்து வருடத்தில் 100 திருத்தம்கூடச் செய்யாதவர் அதிகாரத்தை இழக்கிறார். சிறிய குழுவுக்கு 90 நாள் போதும். இதில் தண்டனை எதுவும் இல்லை என்று விதியிலேயே எழுதுங்கள். யாரும் பார்க்காத கணக்கு யாராவது திருடக் காத்திருக்கும் கணக்கு, அதனால்தான் எடுக்கிறோம்.

மூன்றாவது திரும்ப அழைத்தல். எத்தனை பேர் கேட்டால் வாக்கெடுப்பு என்று எண்ணாகவே எழுதுங்கள். மொத்த உறுப்பினர் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் முக்கால்வாசிப் பேர் தூங்குகிறவர்கள். கடந்த ஒரு மாதத்தில் ஏதாவது எழுதியவர்களில் பத்தில் ஒருவர் என்பது நடைமுறையில் சரியாக வருகிறது. வாக்கெடுப்பில் தப்பியவரை அடுத்த ஆறு மாதத்துக்கு மறுபடி இழுக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது அவசர நிறுத்தம். கணக்கு திருடு போனாலோ, ஒருவர் கோபத்தில் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினாலோ, வேறு எந்த இரு மட்டுறுத்துநர்களும் சேர்ந்து அவர் அதிகாரத்தை 72 மணி நேரம் நிறுத்தலாம். அதற்குள் குழு முடிவெடுக்காவிட்டால் அதிகாரம் தானாகத் திரும்பிவிட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் அவசர நிறுத்தமே நிரந்தர நீக்கமாகிவிடும்.

படி 4: எந்த முறையில் தேர்ந்தெடுப்பது

இருநூறு பேருக்குள் இருக்கும் குழுவில் தேர்தல் வேண்டாம் என்பேன். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், தோற்றவர் மறுநாள் அதே அறையில் உட்கார வேண்டும். இருக்கும் மட்டுறுத்துநர்கள் ஒருவரை அழைத்துச் சம்மதம் கேட்டு, பெயரை அறிவித்து, ஒரு வாரம் ஆட்சேபம் சொல்ல இடம் கொடுத்தால் போதும். ஆட்சேபத்தைத் தனிச் செய்தியிலும் சொல்லலாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். பொதுவில் வாய் திறக்காதவர்கள்தான் பல நேரம் முக்கியமான விஷயத்தை வைத்திருப்பார்கள்.

குழு பெரிதாகும்போது இந்த முறையின் கோளாறு வெளியே வரும். இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே அழைப்பார்கள், இரண்டு மூன்று வருடத்தில் மட்டுறுத்துநர் குழு நண்பர்கள் கூட்டம் ஆகிவிடும். அந்தக் கட்டத்தில் விண்ணப்பம் வாங்கலாம், அல்லது தேர்தல் வைக்கலாம்.

தேர்தலுக்கு நான் பார்த்த நல்ல மாதிரி ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளங்கள். ஒரு தளம் புதிதாக இருக்கும்போது நிறுவனமே தற்காலிக மட்டுறுத்துநர்களை நியமிக்கிறது. தளம் வளர்ந்த பிறகு தேர்தல். வாக்காளர் தனக்குப் பிடித்த வரிசையில் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குவார். தன் முதல் தேர்வு தேறாவிட்டால் வாக்கு அடுத்தவருக்கு நகரும். இதனால் பாதிக்குச் சற்று மேலே இருக்கும் ஓர் அணி எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. இரண்டு மூன்று இடங்களை நிரப்பும்போது இந்த முறையே நல்லது. ஓர் இடம்தான் என்றால், பிடித்தவர்கள் எல்லாருக்கும் ஆதரவு போடச் சொல்லி, அதிகம் பெற்றவரை எடுப்பது எளிது.

யார் வாக்களிக்கலாம் என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் வாக்களிக்க 150 மதிப்புப் புள்ளிகள் வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி தேர்தலில் 500 திருத்தமும் 30 நாள் பழக்கமும் கேட்கிறார்கள். காரணம் எளிது. தேர்தல் என்றதும் ஒரே ஆள் பத்துக் கணக்கோடு வருவார், வெளியே இருக்கும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டும் வருவார். தகுதித் தேதி அறிவிப்புக்கு முந்தைய தேதியாக இருக்கட்டும். "நேற்று வரை சேர்ந்து, குறைந்தது 20 முறை எழுதியவர்கள்" என்பது போல. வாக்கு ரகசியமாகவும் இருக்க வேண்டும். நாளை தன் பதிவை நீக்கப் போகிறவருக்கு எதிராகப் பெயர் போட்டு வாக்களிக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

குலுக்கல் முறையும் உண்டு. 1997-ல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில், தொடர்ந்து படிக்கும் உறுப்பினர்களில் சிலருக்கு மென்பொருளே அவ்வப்போது சில புள்ளிகள் கொடுக்கும். அவர்கள் அதை வைத்துப் பின்னூட்டங்களை உயர்த்தலாம், தாழ்த்தலாம். சில நாளில் புள்ளிகள் காலாவதியாகிவிடும். அவர்கள் நியாயமாகச் செய்தார்களா என்று வேறு உறுப்பினர்கள் மதிப்பிடுவார்கள். எது நல்ல பதிவு என்று தரம் பிரிக்க இது அருமையான முறை. சண்டையை ஆற்றவோ மிரட்டலைக் கையாளவோ இது உதவாது, அதற்குப் பழகிய ஆள்தான் வேண்டும்.

படி 5: யாரைப் பார்ப்பது

அதிகம் எழுதுகிறவரை எடுக்காதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு இது. நன்றாக எழுதுகிறவருக்கு எழுதுவதில்தான் ஆசை. மட்டுறுத்தல் அவர் நேரத்தைத் தின்றுவிடும், உங்களுக்கு நல்ல எழுத்தும் போய் நல்ல மட்டுறுத்துநரும் கிடைக்காமல் போவார். தானாக வந்து அடிக்கடி கேட்பவரிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். கேட்பதே குற்றம் இல்லை, ஆனால் ஏன் கேட்கிறார் என்று தெரிய வேண்டும்.

ஒருவரின் கடைசி நூறு பதிவுகளை உட்கார்ந்து படியுங்கள். அதில் மூன்று விஷயம் தேடுங்கள். கோபமாக வந்தவருக்கு எப்படிப் பதில் எழுதியிருக்கிறார்? தான் சொன்னது தப்பு என்று தெரிந்தபோது என்ன செய்தார்? தனக்குப் பிடித்தவர் விதியை மீறியபோது பேசினாரா, கண்டும் காணாமல் போனாரா? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது, கிடைத்தால் அதுவே போதும். எங்கள் குழுவில் இப்போது இருக்கும் மிகச் சிறந்த மட்டுறுத்துநரை நாங்கள் கண்டுபிடித்தது ஒரு சாதாரண வரியில். லென்ஸில் பூஞ்சை வந்ததற்குக் காரணம் உங்கள் சோம்பேறித்தனம்தான் என்று ஒருவர் புதியவரைத் திட்டியிருந்தார். அதற்கு அவர், "அண்ணா, நீங்கள் சொன்ன துடைக்கும் முறை சரி. முதல் வரியை மட்டும் எடுத்துவிடுங்களேன், அவர் அதைத் தாண்டிப் படிக்கட்டும்" என்று எழுதினார். திட்டியவர் எடுத்துவிட்டார்.

பிறகு பேசிப் பாருங்கள். "ஏன் மட்டுறுத்துநர் ஆக விரும்புகிறீர்கள்" என்ற கேள்வியால் ஒன்றும் தெரியாது, எல்லாரும் அழகான பதிலைத்தான் சொல்வார்கள். உங்கள் குழுவில் உண்மையிலேயே நடந்த மூன்று சிக்கலை, பெயர் நீக்கிக் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்று தெளிவாக இருக்கட்டும், ஒன்று விதியில் இல்லாததாக இருக்கட்டும், ஒன்றில் உங்கள் குழுவே தவறான முடிவு எடுத்திருக்கட்டும். கடைசியதில் உங்களைத் தயங்காமல் மறுக்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

படி 6: சோதனைக் காலம்

இரண்டு மாதம் வையுங்கள். அந்த நாட்களில் பதிவை மறைக்கலாம், நிரந்தரமாக அழிக்கக் கூடாது. பழையவர் ஒருவர் துணையாக இருந்து வாரம் ஒரு முறை அவர் எடுத்த முடிவுகளைக் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிவில் இரு பக்கமும் "சரி, இது நமக்கு ஒத்துவரவில்லை" என்று காரணம் சொல்லாமல் விலகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

படி 7: பதிவேடு

பொதுவளங்களை மக்களே நீண்ட காலம் கட்டிக் காத்த இடங்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் கண்ட பொதுக் கூறுகளில் இரண்டு நமக்கு அப்படியே பொருந்தும். கண்காணிக்கிறவர்கள் பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள், தண்டனை சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறியது.

பதில் சொல்ல வேண்டுமானால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். டெலிகிராமின் அண்மைச் செயல்கள் பட்டியல் 48 மணி நேரத்துக்கும், டிஸ்கார்டின் தணிக்கைப் பதிவு 45 நாளுக்கும்தான் இருக்கும். ஒருவர் ஒருதலைப்பட்சமாக நடக்கிறாரா என்பது ஆறு மாதம் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் சொந்தமாக ஒரு தாள் வையுங்கள். தேதி, யார் பதிவு, என்ன செய்தோம், எந்த விதி, யார் செய்தது என்று ஐந்து நெடுவரிசை போதும். மாதம் ஒரு முறை அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து வரிகளை எடுத்து எல்லாரும் சேர்ந்து பாருங்கள். தடை செய்யப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், தடை விதித்தவர் அதைத் தொடக் கூடாது, வேறொருவர்தான் பார்க்க வேண்டும்.

படி 8: மட்டுறுத்துநர்மேல் புகார் வந்தால்

எல்லாப் புகாரும் நீக்கத்தில் முடிய வேண்டியதில்லை. சோர்வா, தவறா, பாரபட்சமா, துஷ்பிரயோகமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சோர்ந்தவருக்கு ஓய்வு வேண்டும். நல்ல மனதோடு தவறியவருக்குப் பேச்சு போதும். பாரபட்சம் இருந்தால் எழுத்தில் எச்சரிக்கையும், குறிப்பிட்ட ஆட்கள் விஷயத்தில் அவர் விலகி இருப்பதும் வேண்டும். தனிச் செய்திகளைப் படிப்பது, உறுப்பினரின் சொந்த விவரத்தை வெளியே விடுவது, பதவியைக் காட்டி மிரட்டுவது, ஆதாயம் தேடுவது போன்றவற்றுக்கு எச்சரிக்கை எல்லாம் கிடையாது, நேராக நீக்கம்தான்.

பேசும்போது தாளில் இருக்கும் வரிகளைக் காட்டிப் பேசுங்கள். "நீங்கள் இப்போதெல்லாம் கடுமையாக நடக்கிறீர்கள்" என்றால் அவர் மறுப்பார், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "இந்த மாதம் நீங்கள் விதித்த ஏழு தடைகளில் ஐந்து, உங்களோடு வாக்குவாதம் செய்தவர்கள்மேல் விழுந்திருக்கிறது, பாருங்கள்" என்றால் அவர் அந்த ஐந்தைப் பற்றிப் பேசுவார். எங்களுக்கு அந்த ஞாயிறு இரவு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால், இரண்டு மாதம் முன்பே பேசியிருப்போம்.

படி 9: இறக்கும் நாள்

முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்துவிட வேண்டும். நள்ளிரவில் செய்யாதீர்கள். எல்லாரும் விழித்திருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய நேரமாகப் பாருங்கள்.

முதலில் ஆதாரங்களைச் சேமியுங்கள். அடுத்து அதிகாரத்தை எடுங்கள். எடுத்த அடுத்த நிமிடமே அவருக்குத் தனிச் செய்தி போக வேண்டும். பட்டியலைப் பார்த்து அவராகத் தெரிந்துகொள்ளும்படி விடுவது கொடுமை. நாங்கள் இப்போது வைத்திருக்கும் செய்தி இதுதான்:

"வணக்கம். இன்று குழு கூடிப் பேசி, உங்கள் மட்டுறுத்துநர் பொறுப்பை முடித்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். காரணமான மூன்று நிகழ்வுகளைக் கீழே தேதியோடு கொடுத்திருக்கிறோம். நீங்கள் குழுவில் உறுப்பினராகத் தொடர்கிறீர்கள். இந்த முடிவு தவறு என்று நினைத்தால் 14 நாளுக்குள், இதில் கலந்துகொள்ளாத இன்னாரிடம் முறையிடலாம். பொது அறிவிப்பில் 'பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்று மட்டும் இருக்கும். நீங்கள் சொல்ல விரும்பும் இரண்டு வரியை அதோடு சேர்க்கலாம்."

அப்புறம் பொது அறிவிப்பு. சின்னதாக, உண்மையாக. "சொந்தக் காரணங்களுக்காக விலகினார்" என்று பொய் எழுதாதீர்கள், அது இரண்டே நாளில் வெளுத்துவிடும். குற்றப்பட்டியலும் போடாதீர்கள். அதன் பிறகு பொதுக் கடவுச்சொற்கள், இணைத்திருக்கும் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்), மின்னஞ்சல் கணக்கு, மட்டுறுத்துநர்களின் தனி அறை எல்லாவற்றையும் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாங்கள் பாட் நிரலை மறந்துவிட்டோம், அது மூன்று வாரம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுதி வைத்த நடைமுறை இல்லாமல் நீக்கினால் பெரிய நிறுவனங்களே தடுமாறுகின்றன. 2019-ல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் ஒரு தன்னார்வ மட்டுறுத்துநரைத் திடீரென்று நீக்கியது. அவரிடம் முறையாக விளக்கம் கேட்கவில்லை என்று கொதித்து, வெவ்வேறு தளங்களின் மட்டுறுத்துநர்கள் பலர் பொறுப்பைத் துறந்தார்கள். நீக்குவதற்கும் மீண்டும் சேர்ப்பதற்குமான நடைமுறைகளை நிறுவனம் வெளியிட்டது அதன் பிறகுதான்.

படி 10: மேலிடமே கெட்டுப்போனால்

ஒருவரைப் பற்றியே இதுவரை பேசினோம். மொத்தக் குழுவும் கைகோத்துக்கொண்டால் உள்விதிகள் உதவாது. குரோஷிய விக்கிப்பீடியாவில் தீவிர வலதுசாரிச் சாய்வுள்ள சில நிர்வாகிகள் சேர்ந்துகொண்டு, எதிர்த்தவர்களைத் தடை செய்து, வரலாற்றுக் கட்டுரைகளைத் திரித்து, ஏறக்குறைய பத்து வருடம் பிடியில் வைத்திருந்தார்கள். உள்ளூர் வாக்கெடுப்பால் அவர்களை அசைக்க முடியவில்லை, வாக்களிக்கக்கூடியவர்களைத்தான் ஏற்கெனவே வெளியேற்றிவிட்டார்களே. மற்ற விக்கிச் சமூகங்களும், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் தலையிட்ட பிறகே நிலைமை மாறியது. 2021-ல் அறக்கட்டளை இதைப் பற்றி ஓர் அறிக்கையும் வெளியிட்டது.

ஆனால் மேலே இருக்கும் நிறுவனத்தை எப்போதும் நடுநிலையான நடுவராக நினைத்துவிடாதீர்கள். 2023 ஜூனில், ஏபிஐ-க்கு (வெளிச் செயலிகள் தளத்தோடு இணையும் வழிக்கு) நிறுவனம் கட்டணம் விதித்ததை எதிர்த்து ரெடிட்டில் 8,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் மூடிக்கொண்டன. அப்போது தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் மட்டுறுத்துநர்களை நிலப்பிரபுக்களோடு ஒப்பிட்டு, உறுப்பினர்கள் வாக்களித்து அவர்களை இறக்க வழி செய்யலாம் என்று பேசினார். மட்டுறுத்துநர்களைத் தேர்ந்தெடுக்கவும் இறக்கவும் உறுப்பினர்களுக்கு உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ஆனால் வேலைநிறுத்தத்தின் நடுவில் அந்தப் பேச்சு எடுக்கப்பட்டால், அது யாருக்காக எடுக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

நிறுவனமும் கேட்கவில்லை, உள்ளேயும் வழியில்லை என்றால் வெளியே வந்து புதுக் குழு தொடங்குவதுதான் மிச்சம். பழைய குழுவில் நீங்கள் எழுதியதை முன்கூட்டியே பிரதி எடுத்து வையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள், தனியாகப் போனால் ஓய்ந்துவிடுவீர்கள்.

தானாக விலகுகிறவர்கள்

இதைப் படி என்று எண் கொடுத்துச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது இதுதான். ஒருவர் விலகினால் நன்றி சொல்லுங்கள், என்ன செய்தார் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். திரும்பி வர வழி வையுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில், சர்ச்சை எதுவும் இல்லாமல் விலகிய நிர்வாகி திரும்பக் கேட்டால், பொதுவாக மறுபடி தேர்வு எதுவும் இல்லாமலே அதிகாரம் கிடைத்துவிடுகிறது, அவர் நெடுங்காலம் காணாமல் போகாதவரை. திரும்பி வரலாம் என்று தெரிந்தால்தான் ஆட்கள் நிம்மதியாக விலகுவார்கள்.

என் தவணை அடுத்த மாதம் முடிகிறது. நான் இரண்டு முறை தொடர்ந்துவிட்டேன், மூன்றாவது முறை கேட்கப் போவதில்லை. தாளை யாரிடம் ஒப்படைப்பது என்று பேசி முடித்துவிட்டோம். பாட் நிரலின் கடவுச்சொல்லைத்தான் இன்னும் மாற்றவில்லை, இந்த வாரம் அதை முடித்துவிட வேண்டும்.